பாட்டி ஏன் காத்திருக்கிறாள்?

தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்து, பிள்ளைக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. காலை வெயில் முற்றத்தில் விழுந்ததும் அம்மா புடவையை முழங்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு மணையில் உட்கார்ந்து காலை நீட்டுவாள். நீட்டிய கால்மேல் பிள்ளை கிடக்கும். நல்லெண்ணெய் தேய்க்கும் கையும் ஓயாது, வாயும் ஓயாது.

"என்னங்கய்யா, ராத்திரி பூராம் முழிச்சே கெடந்தியாமே?"

கேட்டுவிட்டு நிறுத்துவாள். ஒரு நொடி, ஒன்றரை நொடி. பிள்ளையின் முகத்தையே பார்ப்பாள். அது வாயைக் கோணிக்கொண்டு "ங்ங..." என்று எதையோ சொல்லும்.

"அப்படியா! ஒங்கம்மா தூங்கிட்டாளா? அவ கெடக்கா. பாட்டிட்ட சொல்லு."

மறுபடியும் ஒரு நிறுத்தம்.

இதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தேன். நாலைந்து முறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அந்த நிறுத்தம் கண்ணில் பட்டது. தொழுவத்து மாட்டிடமும் அம்மா இப்படிக் கேள்வி கேட்பாள். ஆனால் பதிலுக்கு நிற்கமாட்டாள். பேச்சே வராத மூன்று மாதப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை? "கேட்டா பதில் சொல்ல விட வேணாமா?" என்றாள், நான் ஏதோ புத்தி கெட்டுக் கேட்டதுபோல.

குழந்தை வளர்ச்சி பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளில் ஒரு பெரும்பகுதி இந்த ஒன்றரை நொடியைப் பற்றியதுதான் என்று சொன்னால் மிகையாகத் தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டு, நிரூபிக்கப் பார்க்கிறேன்.

1970களில் எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் எளிய சோதனை செய்தார். தாயும் சில மாதக் குழந்தையும் எதிரெதிரே இருக்க வேண்டும். முதலில் தாய் வழக்கம்போலக் கொஞ்சுவாள். பிறகு ஓரிரு நிமிடம் குழந்தையைப் பார்த்தபடியே முகத்தை மட்டும் அசையாமல் வைத்துக்கொள்வாள். கோபம் காட்டக் கூடாது, சிரிக்கவும் கூடாது. குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. தாயிடம் மாற்றமில்லை. கையை நீட்டுகிறது, முன்னால் சாய்கிறது, கத்துகிறது. தன் கைவசம் உள்ள வித்தையெல்லாம் காட்டி முடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஓரக்கண்ணால் ஒருமுறை பார்க்கிறது, பிறகு துவண்டுபோகிறது. அசையா முகச் சோதனை என்று இதைச் சொல்லலாம். 1978இல் இது கட்டுரையாக வெளிவந்தது. இன்றுவரை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பச் செய்துவருகிறார்கள்.

இதில் ஒரு சந்தேகம் வரவேண்டும். கல்லாய்ச் சமைந்த முகத்தைப் பார்த்தால் யாரும்தான் மிரளுவார்கள். குழந்தை தேடியது பதிலையா, வெறும் சிரித்த முகத்தையா? எடின்பரோவில் லின் மரேயும் கோல்வின் டிரவார்தனும் இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி கண்டார்கள். தாய் ஓர் அறையில், இரண்டு மாதக் குழந்தை இன்னோர் அறையில். இடையே கேமராவும் திரையும். நேரலையில் இருவரும் நன்றாகக் குலவிக்கொண்டார்கள். பிறகு, தாய் கொஞ்சிய அதே நிமிடத்தைப் பதிவிலிருந்து குழந்தைக்கு மறுபடி போட்டுக் காட்டினார்கள். முகமும் குரலும் சிரிப்பும் சற்றுமுன் பார்த்தவையேதான். ஆனால் இப்போது குழந்தை சிரித்தால் அம்மா சிரிப்பதில்லை. அவள் பாட்டுக்கு வேறெதற்கோ சிரிக்கிறாள். குழந்தைகள் குழம்பின, முகத்தைத் திருப்பின. 1985இல் வெளியான இந்த ஆய்வைப் பின்னால் சிலர் செய்து அதே முடிவைக் கண்டார்கள், சிலருக்கு அப்படி வரவில்லை. அதனால் இரண்டு மாதத்திலேயே இவ்வளவு நுட்பம் உண்டா என்பதில் வாதம் இருக்கிறது. மாதம் ஏற ஏற இந்த நுட்பம் கூடுகிறது என்பதில் இல்லை.

குழந்தை செய்ததை ஒட்டி, அதன் சூடு ஆறுமுன் வருகிற பதிலை 'உடன்பதில்' என்று வைத்துக்கொள்வோம். இந்தப் போக்குவரத்து முழுவதற்கும் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. கொடுக்கல் வாங்கல் என்று நம்மிடமே இருக்கிறது.

உடன்பதிலால் குழந்தைக்கு மகிழ்ச்சி என்பது சரி. அதனால் அது எதையாவது கற்கிறதா? மைக்கேல் கோல்ட்ஸ்டீனும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. எட்டு மாதக் குழந்தைகள் தரையில் விளையாடுகின்றன. தாய்மார் காதில் ஹெட்ஃபோன். பாதிப் பேருக்கு, தன் குழந்தை ஒலியெழுப்பும் ஒவ்வொரு முறையும் "இப்போது" என்று சைகை வரும். உடனே கிட்டப் போய்ச் சிரித்துத் தொட வேண்டும். மறுபாதிக்கும் அதே எண்ணிக்கையில் சைகை வரும், ஆனால் வேறொரு குழந்தையின் தாய்க்கு வந்த நேரக்கணக்கில். அதாவது கொஞ்சல் சமம். வந்து சேரும் வேளைதான் வேறு. சில நிமிடங்களுக்குள்ளேயே முதல் பாதிக் குழந்தைகளின் மழலை மாறத் தொடங்கியது. இழுவையான "ஆ... ஊ..." குறைந்து, மெய்யும் உயிரும் கூடிய தெளிவான அசைகள் கூடின. மறுபாதியில் அந்த மாற்றம் இல்லை.

மொழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நமக்கும் பங்கிருக்கிறது. பத்து, பட்டு என்ற இரண்டு சொற்களை ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி பல்லைத் தொடும் தகரமும், மேலண்ணத்தில் மடங்கும் டகரமும் அவர் காதில் ஒன்றாகவே விழும். வான்கூவரில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியிலுள்ள இதே வேறுபாட்டை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பேசத் தெரியாத குழந்தை கேட்டது என்று எப்படித் தெரியும்? ஒலிபெருக்கியில் ஒரே அசை திரும்பத் திரும்ப வரும். அசை மாறும்போது தலையைத் திருப்பினால், இருட்டுப் பெட்டிக்குள் ஒரு பொம்மை மிருகம் வெளிச்சத்தில் ஆடும். இந்த வேடிக்கையைக் கண்டுகொண்ட குழந்தை, ஒலி மாறியதும் பொம்மையைத் தேடித் தலையைத் திருப்பிவிடும். மடியில் வைத்திருக்கும் தாய் தன்னையறியாமல் ஜாடை காட்டிவிடக் கூடாதே என்று அவள் காதில் பாட்டு போட்டிருப்பார்கள். ஆறேழு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டும் வேறென்று தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு மாதத்தில், வெகுசிலரைத் தவிர, மற்றவர்களின் காது மூடிக்கொண்டது. நாம் பெருமைப்பட்டுக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. சீன மொழியில் இதுபோன்ற ஓர் இணையைக் கேட்டால் நம் கதியும் அதுதான்.

அந்தச் சீன ஒலிகளைத்தான் சியாட்டிலில் பட்ரீசியா குல் கையில் எடுத்தார். காது மூடத் தொடங்கும் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீனம் பேசுபவர்களோடு விளையாட விட்டார். புத்தகம் காட்டுவதும் பொம்மை உருட்டுவதுமாக நாலு வாரத்தில் 12 அமர்வுகள். முடிவில் அந்தக் குழந்தைகள் தைவான் குழந்தைகளுக்கு இணையாக அந்த ஒலிகளைப் பிரித்தறிந்தன. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்களை, அதே புத்தகங்களோடு, திரையில் காட்டினார்கள். வேறொரு குழு குரலை மட்டும் கேட்டது. இந்த இரண்டு குழுவும் ஒன்றுமே கற்கவில்லை. கொஞ்சமாகக் கற்றன என்றுகூடச் சொல்ல முடியவில்லை. சீனமே கேட்காத குழந்தைகளின் அளவில்தான் நின்றன. 'குழந்தையின் மூளையை வளர்க்கும்' என்று விளம்பரம் செய்து விற்கும் காணொளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 2003ஆம் ஆண்டு ஆய்வு ஞாபகம் வரும்.

திரையே பாவம் என்று இதற்குப் பொருளில்லை. இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகள் வீடியோ அழைப்பில் எதிரே இருப்பவர் தன்னோடு பேசினால் புதுச்சொல்லைக் கற்கின்றன, பதிவுசெய்த காட்சியிலிருந்து கற்பதில்லை என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. துபாயிலிருந்து இரவு எட்டு மணிக்கு அழைக்கிற அப்பா தாராளமாக அழைக்கலாம். அவர் காத்திருந்து பதில் சொல்கிறார் அல்லவா.

இதெல்லாம் மண்டைக்குள் எங்கே போய்ப் படிகிறது? பிறந்த குழந்தையின் மூளை பெரியவர் மூளையில் ஏறக்குறைய கால் பங்கு எடை. இரண்டு வயதுக்குள் முக்கால் பங்கைத் தாண்டிவிடும். நரம்புசெல்கள் பெரும்பாலும் பிறக்கும்போதே தயார்; பிறகு பெருகுவது கிளைகளும், செல்லோடு செல் பேசிக்கொள்ளும் நரம்பிணைப்புகளும்தான். சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லாக்கர் என்ற நரம்பியல் மருத்துவர், இறந்தவர்களின் மூளைத் துணுக்குகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து இந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பச்சைக் குழந்தையிலிருந்து கிழவர் வரை. 1979இல் அவர் சொன்னது பலருக்கும் வியப்பு: சின்னக் குழந்தையின் மூளையில் பெரியவர் மூளையைவிட இணைப்புகள் நெருக்கம். வளர்ச்சி என்பது கூடிக்கொண்டே போவதில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு குறைவது.

மல்லிகை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாகப் படாது. கார்த்திகையில் கவாத்து வெட்டாவிட்டால் செடி புதராக மண்டும், பூ பிடிக்காது. மூளையிலும் நடப்பது கவாத்துதான். தோட்டத்தில் எந்தக் குச்சியை வெட்டுவது என்று ஆள் பார்த்து வெட்டுகிறார். மூளையில் ஆள் இல்லை. புழக்கத்தில் உள்ள இணைப்பு தடித்து நிற்கும், புழங்காதது தேய்ந்து விழும். ஆங்கிலம் பேசும் வீட்டில் டகரத்தைக் கேட்டுப் பதில் சொல்ல ஆளில்லை, எனவே அந்தக் கிளை போயிற்று. பார்வைக்கான பகுதியில் இந்தக் கவாத்து சீக்கிரமே தொடங்கிவிடும். நெற்றிக்குப் பின்னால், நிதானிக்கவும் திட்டமிடவும் உள்ள பகுதியில் அது பதின்ம வயது வரை போகும். எல்லாம் மூன்று வயதுக்குள் முடிந்துவிடும் என்பது கடைக்காரர்கள் கிளப்பிய பீதி.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் புழுதி விதைப்பு என்று ஒன்று உண்டு. மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில் நெல்லைத் தூவிவிடுவார்கள். ஐப்பசியில் மழை வந்தே தீரும் என்ற நம்பிக்கை. மனிதக் குழந்தையின் மூளையும் அப்படித்தான் விதைக்கப்பட்டிருக்கிறது. வெளிச்சம் வரும், பேச்சு வரும், அழுதால் ஒரு முகம் வந்து குனியும் என்று எதிர்பார்த்தே அதன் திட்டம் போடப்பட்டிருக்கிறது. வில்லியம் கிரீனோ என்ற ஆய்வாளர் 1980களில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'எதிர்பார்ப்பு வளர்ச்சி' எனலாம்.

மழை வராவிட்டால்?

யாரும் மனமறிந்து செய்யக் கூடாத சோதனை இது. ஆனால் வரலாறு சில முறை செய்துவிட்டது.

1948, போருக்குப் பிந்தைய ஜெர்மனி. எல்சி விடோசன் என்ற பிரிட்டிஷ் ஊட்டச்சத்து ஆய்வாளர் இரண்டு நகராட்சி அனாதை இல்லங்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் ஐம்பது குழந்தைகள் அளவில். இரண்டிலும் ஒரே ரேஷன். ஆறு மாதம் சும்மா எடை பார்ப்பது. அடுத்த ஆறு மாதம் ஓர் இல்லத்துக்கு மட்டும் கூடுதல் ரொட்டியும் ஜாமும் ஆரஞ்சுச் சாறும் கொடுத்து, எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பது. இவ்வளவுதான் திட்டம்.

கணக்கு தலைகீழாயிற்று. முதல் ஆறு மாதம், ஒரே சாப்பாட்டில், ஓர் இல்லத்துக் குழந்தைகள் நன்றாக எடை போட்டார்கள், மற்றதில் போடவில்லை. அடுத்த ஆறு மாதத்தில் கூடுதல் உணவு கிடைத்தவர்கள்தான் பின்தங்கினார்கள்! தானியமும் கலோரியும் எவ்வளவு கூட்டிக் கழித்துப் பார்த்தும் விளங்கவில்லை. விஷயம் வேறெங்கோ இருந்தது. இரண்டாம் இல்லத்துக் காப்பாளர் கட்டுரையில் ஃப்ராலைன் ஷ்வார்ட்ஸ் என்று வருகிறார். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. குழந்தைகளை எல்லார் முன்னிலும் கடிந்துகொள்ள அவர் தேர்ந்தெடுத்த வேளை சாப்பாட்டு வேளை. அவர் திட்டி முடிப்பதற்குள் தட்டில் இருப்பது ஆறிப்போகும், பிள்ளைகள் கண்ணீரோடு உட்கார்ந்திருக்கும். முதல் இல்லத்தில் இருந்தவர் ஃப்ராலைன் கிரூன், பிள்ளைகளிடம் பிரியமானவர். சரியாக ஆறாம் மாதம், கூடுதல் உணவு தொடங்கிய அதே சமயத்தில், தற்செயலாக கிரூன் விலக, அவர் இடத்துக்கு ஷ்வார்ட்ஸ் மாற்றலாகி வந்தார். ரொட்டியோடு கூடவே வசவும் வந்து சேர்ந்தது. ஷ்வார்ட்ஸுக்குச் செல்லப்பிள்ளைகள் எட்டுப் பேர் உண்டு, அவர்களையும் தன்னோடு கூட்டிவந்திருந்தார். அந்த எட்டுப் பேர் மட்டும் எல்லாரையும்விட நன்றாக வளர்ந்தார்கள்.

1951இல் லான்செட் இதழில் வந்தது இது. திட்டிப் போட்ட சோறு உடம்பில் ஒட்டாது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அதைத் தராசில் நிறுத்துக் காட்டியவர் விடோசன் என்பேன். ஓயாத பயத்தில் பசி மந்திக்கும் என்பது ஒரு பக்கம். வளர்ச்சி ஹார்மோனின் சுரப்பே குறைந்து உயரம் நின்றுபோகும் குழந்தைகளையும் மருத்துவர்கள் பின்னால் கண்டார்கள். இடத்தை மாற்றினால், மருந்தில்லாமலே மீண்டும் வளரும்.

இரண்டாவது, ருமேனியா. அதிபர் சௌஷெஸ்கு மக்கள்தொகையைப் பெருக்க 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்தார், கருத்தடையும் கிடைக்காமல் போயிற்று. வளர்க்க வழியில்லாத பெற்றோர் குழந்தைகளை அரசு இல்லங்களில் விட்டார்கள். 1989 டிசம்பரில் அவர் வீழ்ந்தபோது இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். பின்னால் அங்கே போன அமெரிக்க ஆய்வாளர்களைத் திடுக்கிட வைத்தது அழுக்கோ நாற்றமோ அல்ல, அமைதி. வரிசையாகத் தொட்டில்கள், ஒவ்வொன்றிலும் குழந்தை, அழுகை இல்லை. அழுதால் யாரும் வரப்போவதில்லை என்று அவை கற்றுக்கொண்டிருந்தன. பத்துப் பன்னிரண்டு குழந்தைக்கு ஓர் ஆயா, அவரும் ஷிஃப்ட் மாறிப் போய்விடுவார். பால் புட்டி மணிக்கணக்குப்படி வரும், பசிக்கணக்குப்படி அல்ல. டிரோனிக் இரண்டு நிமிடம் மட்டும் செய்த சோதனை இங்கே வருடக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது.

இல்லத்துக் குழந்தைகள் பின்தங்குவது பலருக்கும் தெரிந்ததுதான். காரணம் என்ன என்பதில்தான் சிக்கல். நோஞ்சான் குழந்தைகளையே இல்லத்தில் விட்டிருக்கலாம். துறுதுறுவென்று இருப்பதைத் தத்தெடுத்துப் போயிருக்கலாம். அப்படியானால் இல்லத்தின் மேல் பழி போட முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி சீட்டுக் குலுக்குவது. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா மூவரும் 2000இல் புகாரெஸ்ட்டில் அதைச் செய்தார்கள். ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகள், வயது ஆறு மாதம் முதல் 31 மாதம் வரை. குலுக்கலில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், பாதிப் பேர் இருந்த இடத்திலேயே. வளர்ப்புக் குடும்ப முறையே அந்நகரில் அன்று பெயரளவுக்குத்தான் இருந்தது என்பதால் 56 குடும்பங்களைத் தேடிப் பயிற்சியும் பணமும் தந்து புதிதாகக் கட்டினார்கள்.

படிக்கும்போதே நெஞ்சு உறுத்துகிறது. மற்ற பாதியை எப்படி அங்கேயே விட மனம் வந்தது? ஆய்வாளர்களும் இதைப் பல ஆண்டுகள் விவாதித்தார்கள். அவர்கள் பதில்: 136 பேருக்கும் தருவதற்கு வீடுகள் இல்லை, இல்லத்தில் உள்ள எந்தக் குழந்தையையும் பிறகு யார் அழைத்துப் போனாலும் தடுப்பதில்லை, இல்லமே நல்லது என்று அன்றைய அதிகாரிகள் பலர் நம்பியதால் உறுதியான சான்று தேவைப்பட்டது. எனக்கு முழுச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் அந்தச் சான்று வேலை செய்தது. 2005இல், கடும் ஊனமுற்றவர்கள் தவிர இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இல்லத்தில் சேர்ப்பதை ருமேனியச் சட்டம் தடைசெய்தது.

நாலரை வயதில் அறிவுத்திறன் சோதனை வைத்தபோது, பெற்றவர்களோடு வளர்ந்த நகரத்துக் குழந்தைகளின் சராசரி 109 புள்ளி அளவில் இருந்தது. இல்லத்திலேயே இருந்தவர்களுக்கு 73. வளர்ப்பு வீட்டுக்குப் போனவர்களுக்கு 81. எட்டுப் புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் அது சராசரி. இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் கூடுதலாக மீண்டார்கள், பின்னால் போனவர்கள் குறைவாக. தலையில் தொப்பிபோல மின்முனைகளை மாட்டி மூளையின் மின்னலைகளை அளந்ததில் இது இன்னும் துலங்கியது. இல்லத்துக் குழந்தைகளின் அலைகள் லோ வோல்டேஜில் எரியும் குழல்விளக்கு மாதிரி மங்கல். இரண்டு வயதுக்கு முன் வீடு கிடைத்தவர்களின் அலைகள், எட்டு வயதில், மற்ற நகரத்துக் குழந்தைகளின் அலைகளிலிருந்து பிரித்தறிய முடியாதபடி ஆகியிருந்தன. எல்லாம் இப்படி மீளவில்லை. கவனம் நிலைக்காத தொல்லை, வீடு கிடைத்தவர்களிடமும் அப்படியே நின்றது. வளர்ச்சிக்கு ஒரே ஒரு கதவு, ஒரே நாளில் மூடும் என்பது சரியல்ல. பல கதவுகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நேரம்.

இதில் பரம்பரைக்கு வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் பரம்பரை என்று நாம் நினைப்பதில் கொஞ்சம் வளர்ப்பும் ஒளிந்திருக்கும். மான்ட்ரியலில் மைக்கேல் மீனி எலிகளை வைத்து இதைப் பார்த்தார். சில தாயெலிகள் குட்டிகளை ஓயாமல் நக்கும், சில அவ்வளவாக நக்காது. நக்கி வளர்த்த குட்டி பெரிதானபின் எளிதில் பதறாது. அது தாயானால் தானும் நக்கும். பார்த்தால் ரத்தத்தில் வந்த குணம் போலவே இருக்கும். பிறந்தவுடன் குட்டிகளை மாற்றிப் போட்டார்கள். குணம் பெற்றவளைப் பின்பற்றவில்லை, நக்கியவளைப் பின்பற்றியது. 2004இல் அந்தக் குட்டிகளின் மூளையில், பதற்றத்தைத் தணிக்கும் ஒரு மரபணுவின்மேல் வேதிக்குறிகள் வேறுபட்டிருப்பதைக் காட்டினார்கள். சமையல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பசை தடவி ஒட்டியதுபோல. குறிப்பு அழியவில்லை, ஆனால் திறந்து படிக்க முடியாது. எலியிலிருந்து மனிதருக்கு ஒரே தாவாகத் தாவ வேண்டாம். ஆனால் தடுப்பூசி போடும் நாளில் இதன் சாயலை நீங்களே பார்க்கலாம். மினசோட்டாவில் மேகன் கன்னார் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் எச்சிலில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனை அளந்தார். தாயிடம் நம்பிக்கையோடு ஒட்டியிருந்த குழந்தைகளும் வீறிட்டு அழுதன, ஆனால் அவற்றுக்குக் கார்டிசால் ஏறவில்லை. தாய் ஊசியைத் தடுக்கவில்லை. அவள் அங்கே இருந்ததே உள்ளே மணி அடிக்காமல் பார்த்துக்கொண்டது.

இந்த இடத்தில் ஒரு பழைய அநியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தாயின் பதிலுக்கு இவ்வளவு வலிமை என்றால், குழந்தைக்கு என்ன கோளாறு வந்தாலும் தாயைக் குற்றம் சொல்லிவிடலாம் அல்லவா? சொன்னார்கள். 1950, 60களில் ஆட்டிசத்துக்குக் காரணம் பாசமற்ற தாய் என்று புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் எழுதினார்கள். அதற்கு 'குளிர்ப்பெட்டித் தாய்' என்று பெயரே வைத்திருந்தார்கள். முழுத் தவறு. ஆட்டிசத்தில் பெரும்பங்கு மரபணுக்களுக்கு. அதற்குள் ஒரு தலைமுறைத் தாய்மார் செய்யாத குற்றத்துக்குக் கூனிக் குறுகிவிட்டார்கள்.

டிரோனிக்கின் ஆய்வுகளிலேயே இதற்கு ஒரு மாற்றுமருந்து இருக்கிறது, ஏனோ அது பேசப்படுவதில்லை. நன்றாகப் பழகும் தாயையும் குழந்தையையும் நொடி நொடியாகப் படமெடுத்துப் பார்த்ததில், இருவரும் ஒத்துப்போனது நூற்றுக்கு முப்பது பங்கு நேரம்தான். மற்ற நேரமெல்லாம் ஒருவர் சிரிக்க மற்றவர் வேறெங்கோ பார்ப்பது, பசிக்கு அழுதால் தூக்கம் என்று தாலாட்டுவது, பிறகு கண்டுகொண்டு சரிசெய்வது. குழந்தை கற்பதும் அந்தச் சரிசெய்தலில்தான் என்கிறார் அவர். இன்னொன்று, பதில் சொல்பவர் பெற்றவளாக இருக்க வேண்டியதில்லை. புகாரெஸ்ட்டின் வளர்ப்புத் தாய்மாருக்கு அந்தக் குழந்தைகளோடு ரத்த உறவே கிடையாது.

ஆனால் பதில் சொல்ல ஆளுக்குத் தெம்பு வேண்டும். அதிகாலை வேலைக்குப் போய் இருட்டித் திரும்புகிறவளிடம் 'குழந்தையோடு பேசம்மா' என்று புத்தி சொல்வது எளிது. 1980களின் பிற்பாதியில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் சாலி கிரந்தம்-மெக்ரெகர் செய்தது புத்தி சொல்வது அல்ல. வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத 129 குழந்தைகள். சில குடும்பங்களுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. சிலவற்றுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார். சிலவற்றுக்கு இரண்டும், சிலவற்றுக்கு எதுவுமில்லை. இப்படி இரண்டு வருடம். பால்மாவும் ஆரம்பத்தில் பலன் தந்தது, ஆனால் நிலைக்கவில்லை. இருபது வருடம் கழித்து 105 பேரைத் தேடிப் பிடித்தார்கள். வீட்டுக்கு ஆள் வந்துபோன குழந்தைகள் மற்றவர்களைவிடச் சராசரியாக 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல, அந்த வட்டாரத்துப் பெண்தான். குழந்தையோடு அவர் விளையாடியதைவிட, தாயை விளையாட வைத்ததே அதிகம். காலிப் பிளாஸ்டிக் புட்டி, மூடி, அட்டைப்பெட்டி இவற்றில் செய்த பொம்மைகளைப் பையில் கொண்டுவருவார். இதைக் காட்டி என்ன கேட்பது, அது என்ன செய்தால் என்ன சொல்வது என்று தாயும் அவரும் சேர்ந்து பழகுவார்கள். போகும்போது பொம்மைகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார். அடுத்த வாரம் வந்து அவற்றை எடுத்துக்கொண்டு, வேறு பொம்மைகளைத் தருவார்.